எழுப்பும் வரிசை

ஜூன் 16, திங்கள்

ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தேன். ராயப்பன்பட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் சாரல். ரெயின்கோட் போட்டும் முழங்காலுக்குக் கீழே நனைந்துவிட்டது. ஐந்து இருபத்தைந்துக்கு எங்கள் கேபிள் சேனல் ஸ்டேஷன் ஷட்டரைத் தூக்கினேன்.

கம்ப்யூட்டர் மெஷினைப் போட்டு, பாட்டும் படமும் இருக்கிற நாலு டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாக எழுப்பினேன். முதலில் பாட்டு, அப்புறம் விளம்பரம், அப்புறம் விழா, கடைசியில் பழசு. ஒவ்வொன்றுக்கும் கட்டளை தட்டி, பாஸ்வேர்டு அடித்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. பழசு இன்றைக்கும் கடகடவென்று முனகிவிட்டுத்தான் எழுந்தது. ஆறு மணிக்கு முருகன் பாட்டு, ஆறரைக்கு மாதா பாட்டு, ஆறே முக்காலுக்கு நாகூர்ப் பாட்டு. ஒரு நிமிடம் பிசகவில்லை.

டிஸ்க்கை எழுப்பாமல் சேனலை ஓட்டுகிற சாஃப்ட்வேரைத் திறந்தால் எல்லாப் பாட்டுக்கும் சிவப்புக் கோடு விழும், கோப்பு இல்லை என்று. அப்புறம் நம் கேபிள் போகிற வீடுகளில் எல்லாம் கறுப்புத் திரைதான். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. இரவு பன்னிரண்டுக்கு மெஷினை நிறுத்திவிட்டுக் காலையில் மறுபடி போடுவது முதலாளி முத்துராமலிங்கம் அண்ணன் வைத்த வழக்கம். மெஷினும் மனுசன் மாதிரிதான், படுத்து எழுந்தால்தான் ஓடும் என்பார்.

ஐந்து ஐம்பதுக்கு அவர் போன். "ரோஸு, எழுப்பிட்டியா?" "எழுப்பிட்டேண்ணே." தினமும் இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அது வராத நாளில் எனக்குக் காப்பி இறங்காது.

புதன்கிழமை ஒரு பெண் வேலைக்குச் சேர்கிறாளாம். சுருளிப்பட்டி. பாலிடெக்னிக் முடித்தவள். வரட்டும், ஸ்டேஷனைக் கூட்டித் துடைக்கவாவது இன்னொரு கை ஆகும்.

ஜூன் 18, புதன்

வந்தாள். பெயர் ஓவியா. இருபத்து மூன்று வயது. தலையைப் பின்னாமல் கிளிப் மாட்டியிருந்தாள். அவர்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள். கேமராக்காரன் ஜாஸ்பர் கொத்துக் கொத்தாகத் தின்றான். எனக்கு நீட்டியபோது நெஞ்சு எரிச்சல் என்று சொல்லிவிட்டேன். நெஞ்சு எரிச்சல் எல்லாம் ஒன்றும் இல்லை. அப்போது இல்லை.

என்னுடைய டம்ளரில் காப்பி குடித்தாள். கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஆத்திரம் ஆறவில்லை. எழுதி முடித்தால் அடங்கும்.

காலையில் நான் டிஸ்க் எழுப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். வரிசையை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவே தட்டினேன், பாஸ்வேர்டை வேகமாக அடித்துக் காட்டினேன். மடச்சி.

பதினோரு மணிக்கு முதலாளி வந்ததும், "அண்ணே, இத தெனமும் கையால செய்ய வேண்டியதில்லண்ணே. மெஷின் எந்திரிக்கும்போதே அதுவா கண்டுபிடிச்சு எடுத்துக்கிரும்" என்றாள். நான் ஓரத்தில் நின்றிருந்தேன். ஏதோ ஒரு ஃபைலைத் திறந்தாள், டிஸ்க்குக்கு ஒரு வரியாகத் தட்டினாள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ளேயே ஒரு நீள நம்பர் உண்டாம். எந்த ஒயரில் மாட்டினாலும் அந்த நம்பரை வைத்து இது இன்னார் என்று மெஷின் கண்டுகொள்ளுமாம். மெஷினை நிறுத்திப் போட்டாள்.

நாலு விளக்கும் எரிந்தன. யாரும் தொடவில்லை. பழசுகூட முனகிவிட்டு எழுந்துகொண்டது, துரோகி.

அதோடு விட்டாளா? காலை ஐந்தரைக்கு மெஷின் தானாகவே ஆன் ஆவதற்கும் ஏதோ செட் பண்ணிவிட்டாள். ஒரு டிஸ்க் வராவிட்டாலும் மெஷின் முரண்டு பிடித்து நிற்காமல் மற்றதை வைத்து எழுந்துவிட வேண்டும் என்று வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்த்திருக்கிறாளாம்.

"ஏத்தா, இது எத்தன நாள் வேல?" என்று முதலாளி வாய் பிளந்தார்.

"பத்து நிமிசம்ண்ணே. சிம்பிள்தான்."

பத்து நிமிடம். எனக்குப் பதினோரு வருடம்.

ஜூன் 21, சனி

பழக்கத்தில் ஐந்துக்கே கிளம்பிவிட்டேன். ஷட்டரைத் தூக்கும்போது உள்ளே எல்லாம் எழுந்து உட்கார்ந்திருந்தது. முதலாளி போன் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

"இனி நீ எட்டு மணிக்கு வந்தாப் போதும் ரோஸு. இத்தன வருசம் கோழி கூவ வந்த. கொஞ்சம் ஒறங்கு தாயி" என்றார் முதலாளி. நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கக்கூஸுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியசெல்வம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு இருபது வருடம் கேரள மலையேறியவர். பாதிப் பேச்சு மலையாளம், பரவாயில்லை என்பதற்குச் சாரமில்ல என்பார். "சாரமில்ல. நல்லதுதான? சேந்து காப்பி குடிக்கலாம்" என்றார். போன வருடம் தோட்டத்து ஜீப் கவிழ்ந்து தோள்பட்டை உடைந்ததிலிருந்து வீட்டில் இருக்கிறார். அவருக்குக் காப்பிக்குத் துணை வேண்டும். எனக்கு வேண்டியது வேறு.

தேனியில் இரண்டாவது ஸ்டேஷன் திறக்கப் போகிறோம் என்று முதலாளி நாலு வருடமாகச் சொல்கிறார். "தேனிக்கு நீதான் இன்சார்ஜ்" என்பதும் அதே நாலு வருடமாக. அதற்காகத்தானே பனியிலும் சாரலிலும் போனேன்? இந்த ஆடி முடிந்ததும் திறப்பு.

எட்டு மணிக்கு வரச் சொன்னதை நான் கேட்பதாக இல்லை. நாளையும் ஐந்துக்கே போவேன்.

ஜூலை 2, புதன்

போனேன். போய் என்ன செய்வது? நாற்காலியில் உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்தேன். கறந்து முடித்த மாட்டின் பக்கத்தில் செம்போடு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

விளம்பரக்காரர்கள் எல்லாம் இப்போது "ஓவியா இருக்கா?" என்று கேட்கிறார்கள். இன்றைக்கு மட்டும் ஏழு பேர். நான் ஏன் எண்ணிக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 9, புதன்

டம்ளரில் என் பெயரை நெயில்பாலிஷால் எழுதி வைத்தேன். அவள் பார்த்துவிட்டு, "அழகாருக்குக்கா" என்றாள்.

ஜூலை 19, சனி

தேனி இடத்தைப் பார்க்க முதலாளி காரில் போனார். ஓவியாவைக் கூட்டிப் போனார். ஒயர் எங்கே போகும், மெஷின் எங்கே வைப்பது என்று அவள்தான் சொல்ல வேண்டுமாம். ஜாஸ்பரும் போனான். நான் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்து ஜாஸ்பர் சொன்னான்: "ஓவியாவுக்குத் தனி ரூமே வருதுக்கா அங்கன." விவரம் தெரியாமல் சொன்னானா, என் முகத்தைப் பார்க்கச் சொன்னானா தெரியவில்லை. "வரட்டும், வரட்டும்" என்று சிரித்தேன். வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு என்ன பேர் வைப்பது? என் நாட்குறிப்பில் நானே மழுப்பி என்ன ஆகப் போகிறது.

ஜூலை 20, ஞாயிறு

பூசையில் எல்லோரும் மழைக்கும் நோயாளிகளுக்கும் வேண்டிக்கொண்டார்கள். நான் அந்த மெஷின் ஒரே ஒரு நாளாவது எழாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முழங்காலில் நின்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கள் ஊர்த் திருவிழா. செவ்வாய்க்கிழமை சப்பரம். ஜீப் விபத்துக்குப் பதினாலு மாதம் கழித்து இவர் இந்த வருடம் மாதா சப்பரத்துக்குத் தோள் கொடுக்கப் போகிறார். டாக்டர் சரி என்றுவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "மத்த தோள்ல எடுத்துக்கிறேன், சாரமில்ல" என்றார். வேட்டியைத் தானே கஞ்சி போட்டு வைத்திருக்கிறார். இந்த வீட்டில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகு நாளாகிறது.

நம் சேனலில்தான் படப்பிடிப்பு. இரண்டு கேமரா. இரண்டாவது என்னிடம் இருக்கும். சப்பரம் திரும்புகிற முக்கில் நிற்பேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நிற்கவில்லை.

மத்தியானம் முதலாளி, "ரெண்டாவது கேமராவுக்கு ஓவியா போகட்டும் ரோஸு. சின்னப் புள்ள, கூட்டத்துல பூந்து எடுத்துரும். நீ ஸ்டேஷன்ல இரு" என்றார். அண்ணே, அது என் ஊருண்ணே, என் புருஷன் தூக்குறாருண்ணே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டு வாங்க என்னால் முடியாது. எனக்கு அது தானாக வர வேண்டும்.

ஏழு மணிக்கு வெடிச்சத்தம் போனில் கேட்டது. பக்கத்து வீட்டு மதலேனாள் மதினி போன் போட்டுப் பிடித்தாள். "ஏ ரோஸ்லினு, ஒம் புருசன் முன்னத்தண்டுல நிக்காக! நீ எங்கனடி இருக்க?"

கம்பத்தில் இருக்கிறேன். தானாக ஓடுகிற மெஷினுக்குக் காவல்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் ஜாஸ்பர் கேமரா கார்டு இரண்டையும் கொண்டுவந்து விழா டிஸ்க்கில் ஏற்றினான். நாற்பத்தொரு கோப்பு. ஏற்றி முடித்ததும் கார்டுகளை அழித்துவிட்டுச் சின்னமனூர்க் கல்யாணத்துக்கு ஓடினான். எப்போதும் அப்படித்தான், கார்டு இரண்டுதானே இருக்கிறது. ஞாயிறு பத்து மணிக்கு ஒளிபரப்பு என்று கீழே எழுத்து ஓடுகிறது.

சாயங்காலம் கூட்டும்போது பார்த்தால் விழா டிஸ்க்கின் விளக்கு எரியவில்லை. ஒயர் தளர்ந்திருந்தது. அழுத்திச் சொருகினேன், எரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் யார் டிஸ்க்கைப் பற்றிக் கேட்கிறார்கள் இப்போது?

ஆகஸ்ட் 7, வியாழன்

காணோம். நாற்பத்தொன்றில் ஒன்றுகூட இல்லை.

ஓவியா எடிட் பண்ணலாம் என்று விழாவைத் திறந்தாள். போன வருடத்து வீரபாண்டித் திருவிழா இருக்கிறது, முந்தின வருடத்துச் சப்பரம் இருக்கிறது. முந்தாநாள் எடுத்தது மட்டும் இல்லை. ஜாஸ்பர் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் ஏத்துனேன். கண்ணால பாத்தேன். மாதா மேல சத்தியமா ஏத்துனேன்." கார்டுகளில் இப்போது சின்னமனூர் மாப்பிள்ளைதான் இருக்கிறார்.

முதலாளி கத்தினார். "தானா எந்திரிக்கும் தானா எந்திரிக்கும்னு சொன்ன! தானா முழுங்கவும் செய்யுமா? ரோஸு கையால எழுப்புன காலத்துல ஒரு ஃபைலு போயிருக்கா?"

என்னைப் பார்த்துக் கையை நீட்டித்தான் சொன்னார். தப்புத்தான், ஆனால் இனித்தது. தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு தெரியக்கூடாதென்று.

மெஷினில் இன்னொரு எச்சரிக்கையும் வந்தபடி இருந்தது. சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கில் இடம் இல்லையாம். நேற்றுவரை பாதி காலியாக இருந்தது.

பதினோரு மணிக்கு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது புரிந்தது. குழாயை மூடாமல் அப்படியே நின்றேன்.

2016-இல் எனக்கு நடந்தது இது. ஒரு நாள் விழாவை எழுப்ப மறந்துவிட்டு ஒரு கல்யாணத்தை ஏற்றினேன். டிஸ்க் எழுந்திருக்காவிட்டாலும் அதன் பேரில் ஒரு காலி ஃபோல்டர் மெஷினில் இருக்கும். ஏற்றினது அதற்குள் விழுந்துவிட்டது. அப்புறம் டிஸ்க்கை எழுப்பியதும் அது அந்த ஃபோல்டர் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது, அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் சேலையை வைத்து, மேலே அட்டை போட்டு, அதன்மேல் வேறு துணி அடுக்கினால் எப்படி? சேலை எங்கேயும் போகவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். மறுநாள் டிஸ்க்கை எழுப்புவதற்கு முன்னால் திறந்து பார்த்தபோது அங்கேயே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் எடுத்து வைத்துவிட்டேன். இன்றுவரை யாருக்கும் தெரியாது.

புதன் காலை ஒயர் தளர்ந்து விழா எழவில்லை. அவள் எழுதி வைத்த சொல்லால் மெஷினும் முரண்டு பிடிக்காமல் எழுந்துவிட்டது. ஜாஸ்பர் காலி ஃபோல்டரில் ஏற்றினான். சாயங்காலம் ஒயரைச் சொருகினது நான். சிஸ்டம் டிஸ்க் ஏன் நிறைந்ததென்று எனக்குத் தெரியும். அந்த ஸ்டேஷனில் எனக்கு மட்டும் தெரியும்.

குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

அவள் ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை போல. கண் வீங்கியிருந்தது. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேரை எல்லாம் விழா டிஸ்க்கில் ஓட்டிப் பார்க்கிறாள். அங்கே எப்படிக் கிடைக்கும்? அங்கே அது போகவே இல்லையே. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தாள். பக்கத்தில் வந்து, "அக்கா, ஒங்களுக்கு எதாச்சும் தோணுதா? நீங்க இத்தன வருசம் பாத்திருக்கீக" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? நான் கையால எழுப்புற ஆளு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் முந்திக்கொண்டது. இல்லை, வாய் முந்தவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

நாளை மத்தியானம் சிஸ்டம் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றப் போகிறாளாம். "எங்கயோ கெட்டுக்கிருச்சு. ஏன் நெறஞ்சு கெடக்குன்னே தெரியல. தொடச்சுட்டு, அக்கா பழையபடி கையாலயே எழுப்பட்டும்ண்ணே" என்று முதலாளியிடம் சொன்னாள். முதலாளி சரி என்றார். அவளைத் தேனிக்கு அனுப்பும் பேச்சு நின்றுபோனது என்று ஜாஸ்பர் காதோடு சொன்னான்.

நான் வேண்டிக்கொண்டது எல்லாம் வரிசையாக நடக்கிறது. ஒரு நாள் பொறுத்தால் போதும். பழையபடி ஐந்து ஐம்பதுக்குப் போன் வரும்.

துடைத்தால் சப்பரமும் போய்விடும். அப்புறம் யாராலும் எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் இவர் மதலேனாள் மதினியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் போடுறாக. நம்ம ரோஸ்லின் சேனல்ல." என்னைப் பார்த்துக் கேட்டார், "நான் தெரிவேனா? முன்னத்தண்டுல வலப்பக்கம். தெரிவேன்ல?"

தெரிவீங்க என்றேன். கஞ்சி போட்ட வேட்டி இன்னும் கொடியில் கிடக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

ஐந்து பத்துக்கே ஸ்டேஷன் போய்விட்டேன். மெஷின் எழ இன்னும் இருபது நிமிடம். விழாவின் ஒயரை உருவி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஐந்தரைக்கு அது தானாக எழுந்தது. மூன்று விளக்கு. விழா என்ற பேரில் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன்.

நாற்பத்தொன்று.

பத்தொன்பதாவதில் இவர் வருகிறார். பதினோரு வினாடி. வாய் திறந்து என்னமோ சொல்லிக்கொண்டு, நல்ல தோளில்தான் தண்டை வைத்திருக்கிறார், ஆனால் உடைந்த கையையும் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்தக் கை அவ்வளவு உயரம் போகும் என்று எனக்கே தெரியாது. மூன்று தடவை பார்த்தேன்.

எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டு ஒயரைச் சொருகினேன். ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்தபோது, "கிடைச்சிருச்சு" என்றேன். எப்படி என்று கேட்டார்கள். அடியில் கிடந்தது, தேடினேன், கிடைத்தது என்றேன். வியாழக்கிழமையே தெரியும் என்று சொல்லவில்லை. ஒயரைச் சொருகினது நான் என்றும் சொல்லவில்லை.

ஜாஸ்பர் என்னைத் தூக்காத குறை. முதலாளி அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், "தேனிக்கு ரோஸுதான் இன்சார்ஜ். படிச்ச படிப்பு வேற, பழகுன கை வேற" என்றார். ஓவியாவிடம் திரும்பி, "நீ கொஞ்ச நாளு வீட்ல இரு, சொல்லி அனுப்புறேன்" என்றார். சொல்லி அனுப்பமாட்டார். அவளுக்கும் அது தெரியும்.

போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லேன்னா நான் அதத் தொடச்சிருப்பேன்க்கா. காலத்துக்கும் மறக்கமாட்டேன்."

கையை உருவிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒளிபரப்பு நன்றாகப் போனது. இவர் பதினோரு வினாடிக்கும் எழுந்து நின்றுகொண்டார். மதலேனாள் மதினி கைதட்டினாள். எனக்குத் தலைவலி என்று படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தேனி ஸ்டேஷன். தனி அறை. கண்ணாடிக் கதவு. நாலு வருடம் காத்திருந்தது கிடைத்துவிட்டது.

புது மெஷினில் கம்பத்துச் சிஸ்டத்தை அப்படியே நகல் எடுத்து ஏற்றித் தந்திருக்கிறார்கள். இங்கே டிஸ்க்குகள் வேறு, நம்பரும் வேறு. அவள் எழுதிய ஃபைலைத் திறந்து நம்பர்களை மாற்ற வேண்டும். இந்த இரண்டு மாதத்தில் அந்த ஃபைலை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

மேலே மெஷின் படிக்காத குறிப்பு வரி ஒன்று தமிழில் இருந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"20-06-2025. இது ரோஸ்லின் அக்கா எழுப்பும் வரிசை. பாட்டு, விளம்பரம், விழா, பழசு. மெஷினுக்கு இந்த வரிசை தேவையில்லை. இருந்தாலும் யாரும் மாற்றாதீர்கள். 11 வருடம் இப்படித்தான் நடந்திருக்கிறது."

வந்து மூன்றாம் நாள் எழுதியிருக்கிறாள். நான் அவள் திராட்சையைத் தொடாமல் இருந்த வாரம்.

ஒரு நம்பரையும் மாற்றாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஒயரை, வியாழக்கிழமையை, 2016-ஐ.

கடைசிவரை கேட்டார். பிறகு, "நான் ஒன்னைய எங் கூடப்பொறந்தவளா நெனச்சேனே ரோஸு" என்றார். கத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சுருளிப்பட்டி போனேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே அவளும் அவள் அம்மாவும் கொத்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். "வாங்கக்கா, வாங்க." அந்தச் சிரிப்பிலேயே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

சொன்னேன். நின்றபடியே கேட்டாள். கையில் கத்தரி.

"ரெண்டு நாளாக்கா? ஒங்ககிட்ட வந்து கேட்டேன்ல? தெரிஞ்சுக்கிட்டேவா சொன்னீக?"

ஆமாம் என்றேன்.

"நான் அன்னைக்கு ஒங்க கையப் பிடிச்சேன்" என்றாள். பந்தலுக்குள் போய்விட்டாள். அவள் அம்மா விவரம் புரியாமல் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. யாரும் பழம் தரவில்லை, நானும் அதற்குத் தகுதியாக வரவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதலாளி ஓவியாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். "அக்கா இருக்குற எடத்துல வேணாம்ண்ணே, அவுக கம்பத்துக்குத் திரும்புனா தேனிக்கு வர்றேன்" என்றாளாம். ஜாஸ்பர்தான் வந்து சொன்னான், இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமல்.

தேனி சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். என் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6, சனி

மறுபடி கம்பம். ஸ்டேஷனில் யாரும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஐந்து மணிக்கே போகிறேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

இன்று அவளிடமிருந்து போன். நலமா என்றெல்லாம் கேட்கவில்லை. "ஒரு வரி சொல்றேன், எழுதிக்கங்க. டிஸ்க் எந்திரிக்காத அன்னைக்கு அந்தக் காலி ஃபோல்டர்ல யாரும் எதையும் போட முடியாது. பூட்டு மாதிரி. தேனியில போட்டுட்டேன், அங்கனயும் போடணும்." எழுதிக்கொண்டேன். திருப்பிப் படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். ஒரு எழுத்து தப்பு, திருத்தினாள். "சரி" என்று வைத்துவிட்டாள்.

அந்த வரியை நானே தட்டினேன். ஒயரை உருவிவிட்டு, ஃபோல்டரில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. நல்ல வேலை. அவள் செய்கிற வேலை எல்லாம் நல்ல வேலையாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

நாலரைக்கு முழிப்பு வந்தது. ரெயின்கோட் வரைக்கும் கை போனது. பிறகு அதை ஆணியிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

காப்பியோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஐந்து ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. டம்ளர் சூட்டில் என் கை கொதித்தது, கீழே வைக்க மனம் வரவில்லை. ஒயர் தளர்ந்திருந்தால்? கரண்ட் போயிருந்தால்? சரியாக ஆறு மணிக்கு முருகன் பாட்டு வந்தது. பதினோரு வருடம் நான் போட்ட பாட்டு. என் வீட்டுத் திரையில் அதை நான் பார்த்ததே இல்லை.

இவர் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ இங்கன இருக்க. அங்கன யாரு எழுப்புனது?"

"ஓவியா" என்றேன்.

சொல்லும்போது கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆறரைக்கு மாதா பாட்டு வந்ததும் எழுந்து, இவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றினேன்.